ஜெர்மனியில் ஒரு சைக்கிள் பாதை: நம் கடன் சங்கத்தின் பிறந்த வீடு

நமது கிராமங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் படியேறாத சிறு விவசாயிகள் சிலரே இருப்பார்கள். ஆனால் அச்சங்கத்தின் விதிகள் எங்கே, எந்தக் கஷ்ட காலத்தில் பிறந்தன என்பது பலருக்குத் தெரியாது. விதியின் காரணம் தெரிந்தால் அதன் பயனும் தெரியும். ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டு நிலத்தில் ஒரு சாலை இருக்கிறது. அதற்கு ரைபைசன் சாலை என்று பெயர். ஹாம் என்ற ஊரில் தொடங்கி, வையர்புஷ், பிளாமர்ஸ்பெல்ட் என்ற கிராமங்கள் வழியாக, ரைன் நதிக்கரையிலுள்ள நொய்வீட் நகரில் இறங்குகிறது. கோடை நாளில் காலையில் சைக்கிளில் புறப்படுபவர், மேடு பள்ளங்களைச் சமாளித்தால், பொழுது சாய்வதற்குள் இதைக் கடந்துவிடலாம். கூட்டுறவுக் கடனின் வரலாறு முழுவதும் இந்த ஒரு நாள் வழியில் இருக்கிறது.

வழியில் காணும் விவசாயம்

ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே காலை 5.30 மணிக்கு முன்பே விடிந்துவிடும். இரவு 9.30 மணி வரை வெளிச்சம் இருக்கும். இந்த நீண்ட பகல்தான் அந்நாட்டுப் பயிர்களுக்குப் பெரிய பலம்.

பாதையின் இருபுறமும் முதலில் கண்ணில் படுவது புல்வெளி. மேட்டு நிலம், குளிர் அதிகம், பல இடங்களில் மண்ணின் ஆழமும் குறைவு. ஆகவே புல்லும் கறவை மாடும் இங்கு முக்கியம். புல்லை அறுத்து, உலர்த்தி, பெரிய உருளைகளாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய உருளைகளில் இருப்பது உலர்ந்த புல் அல்ல, பதப்படுத்திய பசுந்தீவனம். பாதி வாடிய புல்லைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால், உள்ளே புளிப்பு ஏறி அது கெடாமல் இருக்கும். பனிக்காலத்தில் மாடுகள் கொட்டகையில் அடைபட்டிருக்கும்போது இதுவே அவற்றுக்கு உணவு. கோடைக்குத் தீவனம் சேமிக்க நினைக்கும் நமது விவசாயிகளும் மக்காச்சோளத்தட்டு, சோளத்தட்டு ஆகியவற்றைக் கொண்டு இதே முறையைக் கையாளலாம்.

அடுத்து வருவது கோதுமை, பார்லி வயல்கள். ஜெர்மனியில் கோதுமை ஏக்கருக்குச் சராசரி சுமார் 3 டன் விளைகிறது என்று கேட்டால் நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கோதுமை அக்டோபரில் விதைத்து அடுத்த ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்டில் அறுவடையாவது. ஏறத்தாழ பத்து மாதப் பயிர். நம்முடைய குறுகிய கால நெல் 110 முதல் 120 நாளில் களத்துக்கு வந்துவிடுகிறது. எனவே வெளிநாட்டு விளைச்சலை ஒப்பிடும்போது ஏக்கரோடு நாளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சைக்கிள் செல்லும் பாதையிலும் விஷயம் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே செல்லும் கெட்டியான குறுகிய பாதைகள் உண்மையில் டிராக்டர் போவதற்காகப் போடப்பட்ட வண்டிப்பாதைகளே. பிற மோட்டார் வாகனங்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்று சேர்த்துத் திருப்பிப் பங்கிட்ட நிலச்சீரமைப்புத் திட்டங்களின்போது இத்தகைய பாதைகள் பல அமைக்கப்பட்டன. அதற்கென 1953-ல் தனிச் சட்டமும் வந்தது.

ரொட்டியில் தொடங்கிய கதை

பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1818-ல் ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1845-ல் வையர்புஷ் பகுதிக்கு மேயராக வந்தார். அந்த ஆண்டிலிருந்தே ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல் நோய் பரவிற்று. நீலகிரி விவசாயிகள் நன்கு அறிந்த அதே நோய்தான். தொடர்ந்து தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846-47 பனிக்காலத்தில் பஞ்சம் வந்தது.

அரசு மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்கே விற்க வேண்டும் என்று உத்தரவு. கையில் காசில்லாதவன்தான் பட்டினி கிடந்தான். ரைபைசன் ஊரில் வசதியுள்ளவர்களைச் சேர்த்து நிதி திரட்டி, மாவைக் கடனாகக் கொடுத்தார். பிறகு ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்பு கட்டி, ரொட்டி சுட்டு, வெளி விலையைவிடக் குறைவாகக் கொடுத்தார். அத்துடன் விளைபொருள் ரைன் நதிச் சந்தைக்குப் போகச் சாலையும் போடச் செய்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் சாலை அதன் வழியே செல்வதுதான்.

மாடு கொடுத்த பாடம்

1848-ல் அவர் பிளாமர்ஸ்பெல்டுக்கு மாற்றப்பட்டார். அங்கே கந்துவட்டி மாட்டின் உருவத்தில் இருந்தது. வியாபாரி கடனுக்கு மாடு கொடுப்பான். விவசாயி தீனி போட்டு வளர்ப்பான். தவணை தவறினால் மாடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். பல குடும்பங்கள் நிலத்தையும் இழந்தன.

1849-ல் ரைபைசன் ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். வசதியுள்ள சுமார் 60 பேர் பொறுப்பேற்றனர். சங்கமே மாடு வாங்கிக் கொடுத்தது. விவசாயி ஐந்தாண்டுத் தவணையில் திருப்பிக் கட்டினால் போதும். மாடு கன்று ஈன்று, பால் கொடுத்து, தன் விலையைத் தானே அடைக்கும் காலம் அது. கடனின் தவணை, வருமானம் வரும் காலத்தோடு பொருந்த வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. நமது பயிர்க்கடன் அறுவடைக்குப் பின் திருப்பிக் கட்டும்படி அமைந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

தர்மம் போதவில்லை

சாலை ரெங்ஸ்டார்ப் தாண்டி ரைன் சமவெளிக்கு இறங்கும்போது ஹெட்டஸ்டார்ப் வருகிறது. இன்று அது நொய்வீட் நகரின் ஒரு பகுதி. 1852-ல் இங்கு மேயரான ரைபைசன், 1854-ல் ஒரு தர்ம சங்கம் தொடங்கினார். நாளாக நாளாக, கொடுப்பவர்களின் உற்சாகம் குறைந்தது. கடன் வாங்குபவனுக்குச் சங்கத்தில் இடம் இல்லை. கடன் கொடுப்பவனுக்கோ அதில் ஆதாயம் இல்லை. அத்தகைய சங்கம் நிலைக்காது என்று அவர் கண்டார்.

1864-ல் அதைக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வேண்டுபவன் முதலில் உறுப்பினராக வேண்டும். சங்கம் அவனுடையது, இலாப நட்டமும் அவனுடையது. பிறர் தயவில் நின்ற உதவி சுய உதவியாக மாறியது இங்கேதான். கண்பார்வை மிகவும் குன்றியதால் அவர் 1865-ல் பதவி விலகினார். ஆயினும் மறு ஆண்டே தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1888-ல் காலமானார்.

அவர் வகுத்த முக்கிய விதிகள்:

1. சங்கத்தின் எல்லை சிறியதாக, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஊராக இருக்க வேண்டும்.

2. உறுப்பினருக்கு மட்டுமே கடன். அதுவும் பயனுள்ள காரியத்துக்கு, தக்க ஜாமீனுடன் மட்டுமே.

3. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டும் ஊதியம்.

4. இலாபம் பங்கிடப்படாமல், சங்கத்தின் சேமநிதியில் சேர வேண்டும்.

5. சங்கக் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் தம் சொத்து முழுவதற்கும் பொறுப்பு.

ஐந்தாவது விதி கடுமையானது. ஆனால் அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடனைப் பற்றி ஒவ்வொருவரும் அக்கறை கொண்டார்கள். நமது சங்கங்களில் இன்று உறுப்பினர் பொறுப்பு பெரும்பாலும் வரையறுக்கப்பட்டதே. விதி தளர்ந்தது சரி, அக்கறையும் தளர்ந்துவிடக் கூடாது.

சென்னைக்கு வந்த வழி

1892-ல் சென்னை மாகாண அரசு, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, விவசாயக் கடன் வங்கிகளைப் பற்றி ஆராயும்படி நியமித்தது. ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அவர் இரு பாகமாக அறிக்கை தந்தார். நமது கிராமங்களுக்கு ரைபைசன் முறையே ஏற்றது, அதை நடத்த ரைபைசனைப் போன்ற மனிதர்கள் வேண்டும் என்பதே அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தொடக்கச் சங்கம் பிறந்தது. இன்று தமிழகத்தில் 4,000-க்கும் மேற்பட்ட தொடக்கச் சங்கங்கள் உள்ளன.

ஜெர்மனியில் எல்லாமே நல்லபடி முடிந்ததாக எண்ண வேண்டாம். 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 2,63,000 பண்ணைகளே இருந்தன. சராசரி அளவு 63 எக்டேர். ரைபைசன் காப்பாற்ற நினைத்த சிறு குடியானவர்களின் வாரிசுகள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். கூட்டுறவு கந்துவட்டியிலிருந்து காக்கும். துண்டு நிலத்தைப் பெரிதாக்கித் தராது. ஆனாலும் உரம், விதை, தீவனம் விற்கும் ரைபைசன் கடைகளின் பச்சைப் பலகையை அந்நாட்டு ஊர்களில் இன்றும் காணலாம். கூட்டுறவு என்னும் கருத்தையும் நடைமுறையையும் 2016-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நாம் செய்ய வேண்டியது

தமிழகத்தில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நொடித்துப் போன குடும்பத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் அடுத்த தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்துவது ஆபத்து. தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். மறு போகத்துக்குக் கடன் கிடைப்பதும் தடைப்படும். விதைப்பு நேரத்தில் கந்துவட்டிக்காரரிடம் போக நேரிடும்.

ஆகவே, பயிர்க்கடனைப் பயிருக்கே செலவிடுங்கள். கறவை மாடு, பம்புசெட் போன்றவற்றுக்கு அவற்றுக்குரிய நீண்ட தவணைக் கடனையே கேளுங்கள். பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லி, புரியாத இனத்தைக் கேள்வி கேளுங்கள். தணிக்கையில் காட்டிய குறை சரிசெய்யப்பட்டதா என்று விசாரியுங்கள். சிறு தொகையானாலும் சங்கத்திலேயே சேமியுங்கள். கடன் வாங்கும் நாளில் மட்டும் உறுப்பினராக இருந்தால், சங்கம் மீண்டும் தர்ம சங்கமாகிவிடும். தர்ம சங்கம் எத்தனை நாள் நிற்கும் என்பதை ஹெட்டஸ்டார்ப் கிராமம் 1864-லேயே கண்டுவிட்டது.