குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்றால் ஓதி ஊதுகிறோம், மெடிக்கலில் சிரப் வாங்குகிறோம். அத்துடன் மூச்சையும் எண்ணுவோம். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள்; சொன்ன நாள் வரை கொடுங்கள்.

நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். துஆவும் மருந்தும் சேர்ந்தே இருக்கட்டும்.