வீட்டு முற்றமும் வேலிக்கு அப்பாலும்

வீடு கட்டி முடிக்கும்போது கையிலுள்ள பணமும் முடிந்திருக்கும். முற்றமோ செம்மண்ணும் சல்லியுமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் நர்சரிக்குப் போய், "சீக்கிரம் படரணும், நிறையப் பூக்கணும், அதிகம் கவனிக்க வேண்டியிருக்கக் கூடாது" என்று கேட்போம். கடைக்காரரும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். வித்துரா, பாலோடு, நெடுமங்காடு பக்கம் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் முற்றங்களைப் பார்த்த பிறகு, இந்த மூன்று கோரிக்கைகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. இம்மூன்று குணங்களும் ஒரே செடியில் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் அது களை என்று அறிக!

உதாரணம் வெடேலியா. பளபளக்கும் பச்சை இலை, சின்னச் சூரியகாந்தி போன்ற மஞ்சள் பூ. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. சரிவான நிலத்தில் மண் அரிக்காமல் இருக்கும், புல்தரை போல அழகாகவும் இருக்கும் என்று சொல்லி நட்டார்கள். அதன் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். வெட்டிப் போட்ட துண்டு ஈர மண்ணைத் தொட்டால் போதும், அது தனிச் செடி. இரண்டு மழைக்காலம் கழிந்தால் வேலியைத் தாண்டி, ஓடைக்கரையைப் பிடித்து, அங்கிருந்த தும்பையையும் கீழாநெல்லியையும் மூடிவிடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் இதுவும் உண்டு. அதே பட்டியலில் உண்ணிச்செடியும், ஆகாயத்தாமரையும், சிவந்த கிண்ணம் போலப் பூக்கும் ஆப்பிரிக்க துலிப் மரமும் இருக்கின்றன. நான்கையுமே மனிதர்கள் அழகுக்காகக் கொண்டுபோய் வளர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்று அது இல்லாத காட்டோரம் நம் நாட்டில் அபூர்வம்.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. சிசிலித் தீவின் மஞ்சள் பூச்செடி ஒன்றை ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார்கள். அது தோட்டத்தை விட்டு வெளியேறி, ஊரின் பழைய மதில்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. 1844-இல் ஆக்ஸ்போர்டுக்கு ரயில் வந்தது. எட்னா எரிமலைச் சரிவில் பழகிய அந்தச் செடிக்கு, இருப்புப்பாதையின் ஜல்லியும் நிலக்கரிச் சாம்பல் கட்டியும் சொந்த ஊர் மாதிரியே இருந்தன. ஓடும் வண்டி கிளப்பும் காற்றில் பஞ்சு விதைகள் பறந்தன. இப்படியே பாதை நெடுக இங்கிலாந்து முழுவதும் பரவிவிட்டது. டிக்கெட் எடுக்காத பயணி!

கேரளத்திலும் அண்மையில் நடந்தது உண்டு. 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்தன. கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த, மீன்தொட்டி அலங்காரத்துக்காக விற்கப்படும் கபோம்பா என்னும் நீர்ச்செடி. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போனவர்களும் உண்டு. குளங்களில் விடாதீர்கள் என்று தாவர அறிஞர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

வித்துராவில் இது பெரிய விஷயமாவதற்குக் காரணம் இடம். இங்கே வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் ரப்பர், அதற்கு அப்பால் காடு. கல்லாறு இறங்கிப் போய் வாமனபுரம் ஆற்றில் சேருகிறது. இன்னொரு பக்கம், 1983-இல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். பேப்பாறை அணையின் தண்ணீர்தான் திருவனந்தபுரத்துக்குக் குடிநீராகப் போகிறது. சென்னையிலோ திருவனந்தபுரம் நகரத்திலோ காம்பவுண்டுக்குள் அடங்கிக் கிடக்கும் செடி, இங்கே ஒரு மழையில் ஓடையைப் பிடித்துக் கீழே போய்விடும். ஆகவே ஏற்கெனவே வெடேலியா வைத்திருப்பவர்கள் வேரோடு பிடுங்கி, சிமெண்ட் தளத்தில் விரித்து, சருகாகும் வரை காய வைக்க வேண்டும். ஓடையில் எறியக் கூடாது. ஒரு தடவையில் தீராது. மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டியிருக்கும். அடர்ந்த தரைச்செடி வீட்டுச் சுவரோரம் இருந்தால் பாம்புக்கும் நத்தைக்கும் ஒளிவிடம் என்பது தனி விஷயம்.

சரி, எதைத்தான் நடுவது?

நம்மவர்கள் முதலில் கேட்பது மல்லிகை. திருநெல்வேலியில் அம்மா வீட்டிலிருந்து பதியன் கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேரளத்தில் சுமார் 3,000. ஜூனில் தொடங்கும் மழையும் ஐப்பசி மழையுமாக இரண்டும் இங்கே உண்டு. குண்டு மல்லிக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். மலையோரத்து நிழலில் இலை கரும்பச்சையாகச் செழிக்கும். பூ மட்டும் இருக்காது. வெயில் விழும் மேடான இடம் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் தோவாளைப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கனகாம்பரம் போடுங்கள். அது தென்னிந்தியச் செடி. கொஞ்சம் நிழலைப் பொறுக்கும்.

இந்த மண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருப்பது தெச்சி. நாம் இட்லிப்பூ, விருட்சி என்று சொல்வது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வைத்தால் இதன் இலை மஞ்சளாகிவிடும். இங்குள்ள புளித்த செம்மண்ணில் அந்தக் கவலை இல்லை. வேலியாக வெட்டி விடலாம், பூஜைக்கும் ஆகும், வண்ணத்துப்பூச்சியும் வரும். அதன் பக்கத்தில் நந்தியாவட்டை இருந்தால் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து கண்ணுக்குக் குளிர்ச்சி.

மரமென்றால் அசோகம். பலர் அசோகம் என்று நட்டிருப்பது ஊசி போல உயரும் நெட்டிலிங்கத்தை. உண்மையான அசோகம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரநிழலில் வளர்வது. காட்டில் இப்போது குறைந்துவரும் மரம். தளிர் செம்பழுப்பாகத் தொங்கும். ஆரஞ்சுப் பூங்கொத்துகள் முதிர்ந்த கிளையிலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும். இருபது முப்பது அடிக்குள் நின்றுவிடும். வித்துரா வீட்டு முற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தை நான் பார்க்கவில்லை.

பந்தலில் ஏற்ற, இதே மலைத்தொடரின் தென்பகுதியைச் சேர்ந்த துன்பெர்ஜியா மைசூரென்சிஸ் என்னும் கொடி உண்டு. மஞ்சளும் செம்பழுப்புமான பூச்சரங்கள் தோரணமாகத் தொங்க, தேன்சிட்டுகள் விடாமல் வரும். இங்கிலாந்தில் இதைக் கண்ணாடி வீட்டுக்குள் சூடேற்றி வளர்க்கிறார்கள். நமக்கோ சும்மா வளரும். இதன் உறவுக்காரனான நீலப்பூக் கொடி ஒன்றும் நர்சரிகளில் உண்டு; அது மரங்களின் மேல் ஏறி மூடிவிடும் குணமுள்ளது. பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது, செடி முழுதாக வளர்ந்தபின் என்ன அளவு என்பது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் கம்பம் நட்டாலும் கட்டடம் எழுப்பினாலும் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. வண்டி நிற்கும்போது பார்த்து அளப்பதில்லை. செடிக்கும் அப்படித்தான். மலப்புரம் மாவட்டம் மேலாற்றூர் ரயில் நிலையத்தில் குல்மோஹர் பூக்கள் உதிர்ந்து பாதையே சிவப்புக் கம்பளமாகிக் கிடக்கும் காட்சியைப் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. பிளாட்பாரத்துக்கு அது சரி. பத்து சென்டில் வீடும் கிணறும் செப்டிக் டாங்கும் போக மிஞ்சும் இடத்துக்குச் சரியல்ல. உயரத்தைவிட அகலமாக விரியும்; வேர் மேலோட்டம்; காற்றடித்தால் கிளை முறியும். நண்பர் ஒருவர், "சார், கன்று ஒரு முழந்தான் இருக்கு, ஜன்னலோரம் வெச்சா என்ன?" என்று கேட்டார். கிராஃப் தாளில் அவர் வீட்டை வரைந்து, முப்பதடி விட்டத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். வட்டத்துக்குள் அவருடைய படுக்கையறை முழுவதும் வந்தது! பிறகு அவர் கேட்கவில்லை.

அந்தத் தாளில் வெயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்துரா ஏறத்தாழ 8 2/3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வீட்டின் வடக்குப் பக்கம் விழும். மற்ற மாதங்களில் தெற்கே. வீட்டைக் கட்டியவருக்கே பல சமயம் இது தெரியாது.

குழந்தைகள், பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர்தான். வேலியில் ஏறிப் பூத்தால் நமக்குப் பெருமைதான். ஆனால் கிழங்கு கொடிய விஷம். வைப்பவர்கள் எட்டாத மூலையில் வைத்து, வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வள்ளிக்கிழங்கு, கல்வாழை போன்றவற்றைப் பின்வேலியோரம் நட்டால் காட்டுப்பன்றிக்கு விருந்து வைத்த மாதிரி.

வாங்குமுன் பாலோட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். 1979-இல் தொடங்கியது, சுமார் 300 ஏக்கர். நர்சரிப் பையில் ஒரு சாணாக இருப்பது, வளர்ந்தபின் எப்படி நிற்கும் என்பதை அங்கே நேரில் காணலாம். குறிப்பேடு ஒன்றைக் கொண்டு போங்கள்.

நடும் காலத்துக்கு நம் ஆடிப்பட்டத்தை இங்கே பார்க்க வேண்டாம். மலையாளிகள் திருவாதிரை ஞாற்றுவேலை என்பார்கள். ஜூன் 22 வாக்கில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் அந்த நாட்களில் ஒடித்து நட்ட கொம்பும் துளிர்க்கும் என்பது இவ்வூர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. தெச்சி, நந்தியாவட்டைக் கம்புகளைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கேட்டால் கத்தியோடு வந்து வெட்டிக் கொடுப்பார். அதற்குக் காசு கிடையாது.