காந்திப் பொட்டல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அதற்கு மேலே பசுமை போர்த்து நிற்பவை ஏலமலைச் சரிவுகள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரை ஒட்டி, தரையின் அருகே காய்ப்பது. ஆதலால் அதனைப் பறிப்போர் நாள் முழுதும் குனிந்தே உழைத்தல் வேண்டும். விடியுமுன் போடியிலிருந்து ஜீப் வண்டிகளில் மலையேறும் உழைப்பாளர், பொழுது சாயும் வேளையில் ஊர் திரும்புவர்.

இவ்வூரை மதுரை மாநகருடன் இணைக்கும் இரயில் பாதை 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் பணிக்காகப் பல்லாண்டு நின்றிருந்த இரயில், 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் மீண்டும் போடிக்கு வந்தது. மதுரையைக் காணச் செல்லும் போடி மாணவர் மீனாட்சியம்மன் கோயிலைக் கண்டு வியப்பர். திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களை அண்ணாந்து நோக்குவர். ஆனால் காமராசர் சாலையில் உள்ள ஓரிடத்தைப் பலரும் அறியாமலே கடந்து செல்வர். அதன் பெயர் காந்திப் பொட்டல்.

பொட்டல் என்பது மரமும் பயிரும் இல்லாத வெற்று நிலம். தமிழகத்து ஊர்களில் கூத்து நடப்பதும் கூட்டம் கூடுவதும் பெரும்பாலும் பொட்டலிலேதான். கோபுரமும் மண்டபமும் இல்லாத இவ்விடத்திற்கு வரலாற்றுப் பெருமை எவ்வாறு வாய்த்தது?

1921ஆம் ஆண்டில் காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு நாடெங்கும் மக்களை வேண்டி வந்தார். மதுரைக்கு வரும் வழியில் இரயிலில் உடன் வந்தோரிடமும் அவ்வாறே வேண்டினார். கதரின் விலை மிகுதி என்றும், அதனை வாங்கத் தங்கள் வறுமை இடந்தராது என்றும் அவர்கள் மறுமொழி கூறினர். அம்மொழியில் இருந்த உண்மை அடிகளின் நெஞ்சைத் தைத்தது. குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்துகொண்டு, அரைத் துணிக்கும் வழியற்றவனுக்கு எவ்வாறு அறிவுரை கூறுவது? உடையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் முன்பு இருமுறை அவர் உள்ளத்தில் எழுந்து அடங்கியதுண்டு. இம்முறை அது துணிவாயிற்று.

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் அவர் தங்கினார். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காலையில், இடுப்பில் முழந்தாள் அளவான துண்டுடன் வெளியே வந்தார். ஏழை உழவன் உடுத்திய உடை அதுவே. அக்கோலத்தில் அவர் மக்கள்முன் முதன்முதலாகத் தோன்றிய இடமே இன்று காந்திப் பொட்டல் என வழங்குகிறது. அங்கே அவருக்குச் சிலை ஒன்றும் நிறுவப்பெற்றுள்ளது.

அக்டோபர் 31 வரையேனும் அவ்வுடையில் இருப்பதென்றே அடிகள் முதலில் அறிவித்தார். ஆயினும் அந்நாள் கடந்த பின்னும் அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை. 1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்கும் அவ்வெளிய உடையிலேயே சென்றார். சில நாள் நோன்பாகத் தொடங்கியது இருபத்தாறு ஆண்டுகள் நீண்டு, அவர்தம் உயிரோடுதான் நிறைவுற்றது.

1948 சனவரி 30ஆம் நாள் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, குருதி தோய்ந்த ஆடையின் பகுதி மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த அவ்வருங்காட்சியகத்தை 1959ஆம் ஆண்டில் நேரு திறந்து வைத்தார். அடிகள் ஏழையின் உடையை ஏற்ற நகரமே, அவ்வுடையின் இறுதித் துண்டையும் போற்றி வைத்திருக்கிறது.

மன்னர் எழுப்பிய மாளிகை அவர்தம் செல்வத்தைக் காட்டும். ஒன்றுமில்லாத பொட்டலோ, பிறர் வறுமையைத் தம் உடலில் ஏற்ற ஒருவரின் நெஞ்சைக் காட்டுகிறது. அதனைக் கண்டு மாலையில் போடிக்குத் திரும்பும் மாணவன், மலையிலிருந்து இறங்கிவரும் ஜீப் வண்டிகளைக் காண்பான். நாளெல்லாம் குனிந்து உழைத்தவர்களின் முகங்கள் அன்று அவன் கண்ணுக்குப் புதியனவாகத் தோன்றுமாயின், அவன் அந்தப் பொட்டலை உண்மையாகவே கண்டவனாவான்.