ஒண்ணுமில்லை ஸார்!

"ஒண்ணுமில்லை ஸார்... விடுங்க!"

ஆபீஸில் யாராவது இப்படிப் பேச்சை ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். ஒண்ணுமில்லை என்றால் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

இந்த டெக்னிக்கின் பிதாமகர் இயாகோ. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' வில்லன். 1604 நவம்பர் 1-ம் தேதி, லண்டன் வைட்ஹால் அரண்மனையில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் நடிக்கப்பட்ட நாடகம். 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜி ஒதெல்லோவாகவும், சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் வருவார்களே, அதேதான்.

பி.காம். படித்தபோது எனக்கு இது நான்-டீடெயில். 'சந்தேகம் பொல்லாதது' என்று எழுதி மார்க் வாங்கினேன். பிற்பாடு முழுசாகப் படித்தபோதுதான் நான் எழுதியது பாதி விடை என்று புரிந்தது.

ஒதெல்லோ வெனிஸ் நகரத்துப் படைத் தளபதி. கறுப்பர். செனட்டர் பிரபான்ஷியோ அவரை அடிக்கடி வீட்டுக்கு அழைத்து யுத்தக் கதை கேட்பார். மகள் டெஸ்டிமோனா அந்தக் கதைகளிலேயே மனசைப் பறிகொடுத்து, ரகசியமாகக் கல்யாணமும் பண்ணிக்கொள்கிறாள். அவ்வளவுதான்! சூனியம் வைத்துப் பெண்ணை மயக்கிவிட்டான் என்று அதே மனுஷர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிராது கொடுக்கிறார். விருந்தாளியாக ஓகே; மாப்பிள்ளையாக நாட் ஓகே! செனட் சபை ஒதெல்லோவைக் கைவிடவில்லை. துருக்கிக் கப்பல்கள் சைப்ரஸ் நோக்கி வரும் நேரத்தில் தளபதியைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

அப்பாவை ஏமாற்றியவள் புருஷனையும் ஏமாற்றலாம் என்று போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுப் போகிறார் மாமனார்.

இயாகோவுக்கு ப்ரமோஷன் கடுப்பு. அவன் எதிர்பார்த்த பதவி காஸியோவுக்குப் போய்விட்டது. போர்க்களம் தெரியாத வெறும் கணக்குப்பிள்ளை என்று காஸியோவை நக்கலடிக்கிறான். (பி.காம்.காரன் என்ற முறையில் என் கண்டனம்!)

ஒருநாள் காஸியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு நகர்கிறான். ஒதெல்லோ காதில் விழுகிற மாதிரி இயாகோ ஏதோ முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால் மழுப்புகிறான். பொறாமைப்படாதீர்கள் என்று அட்வைஸ் வேறு! அப்புறம்தான் அசல் விஷம். முதலில் மாமனார் விட்டுப்போன அதே குத்து. அடுத்து, சொந்த ஊரில், சொந்த நிறத்தில் வந்த வரன்களைத் தள்ளிவிட்டு உங்களைக் கட்டிக்கொண்டது இயற்கையா என்கிற தினுசில் ஒரு கொக்கி.

ஒதெல்லோ சரிகிற இடம் இதுதான். தனியானதும், நான் கறுப்பன், நயமாகப் பேசத் தெரியாது, வயசாகிறது என்று அவரே காரணம் அடுக்குகிறார். ஊர் தன்னைப் பற்றி நினைத்ததை அவரும் நம்பிவிட்டார். கடன் வாங்கியது இயாகோ. ஜாமீன் கையெழுத்து வெனிஸுடையது!

சரி, ஆதாரம்? ஒரு கைக்குட்டை. ஒதெல்லோ கொடுத்த முதல் பரிசு. அவருக்குத் தலைவலி என்று கட்டிவிடத்தான் டெஸ்டிமோனா அதை எடுத்தாள். அவர் தள்ளிவிட்டதில் கீழே விழுந்தது. இயாகோவின் மனைவி எமிலியா எடுத்து அவனிடம் கொடுக்க, அவன் காஸியோவின் அறையில் போட்டுவிட்டான். ஆட்டோ செலவுக்கே வவுச்சர் கேட்கிற உலகத்தில், ஒரு தளபதி காஸியோவை நேரில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டார், தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு. அவளை மூச்சடைத்துக் கொன்றபிறகு எமிலியா உண்மையை உடைக்கிறாள். ஒதெல்லோ தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறார்.

'சரியான ஏமாளி!' என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒருத்தர், "ஒண்ணுமில்லை... உங்க ஃப்ரெண்டு மேனேஜர் ரூம்லேர்ந்து வந்தாரு. உங்க பேரு அடிபட்டுது. அந்த ஊர்க்காரங்களே அப்படித்தானே!" என்றார். நம்பினேன். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் சின்ன வயசிலிருந்து கேட்டது அப்படி. ஆறு மாசம் நண்பனோடு பேசவில்லை. அவன் வேலையை விட்டுப் போனபிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு அவன் உள்ளே போனது நிறுத்தி வைத்திருந்த என் இன்க்ரிமென்ட்டுக்காக வாதாட.

நாடகத்தை மறுபடி படித்து முடித்த ராத்திரி அவனுக்கு போன் செய்தேன்.

"என்னடா, இத்தனை வருஷம் கழிச்சு? என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைடா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.