இரண்டாம் பரிசு பெற்றவர் பாரிஸ் போனார்

1930-களில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்குத் திறந்திருந்த உயர்கல்வி நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று ஃபோர்ட் ஹேர் கல்லூரி. அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் அங்கே மே எஸ்தர் பெட்ஃபோர்ட் பெயரில் ஓர் ஓவியப் போட்டி நடந்தது. முதல் பரிசு ஜார்ஜ் பெம்பாவுக்கு, இரண்டாம் பரிசு ஜெரார்ட் செகோட்டோவுக்கு. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான்: பெம்பா 1912-ல் பிறந்தவர், செகோட்டோ 1913-ல். இருவருமே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள்.

செகோட்டோ ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க் சென்றார். அந்நகரின் சோஃபியாடவுன் தெருக்களில் வாழ்ந்து, அந்தத் தெருக்களையே வரைந்தார். 1940-ல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் அவருடைய ஓவியம் ஒன்றை விலைகொடுத்து வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படைப்பு அந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் சேர்ந்தது அதுவே முதல் முறை. 1947-ல் அவர் பாரிஸுக்குப் போனார். அங்கே வாழ்க்கை சுகமாக அமைந்துவிடவில்லை; இரவு விடுதிகளில் பியானோ வாசித்துத்தான் வயிறு கழுவினார். 1993-ல் பிரான்ஸிலேயே காலமானார். நவீன தென்னாப்பிரிக்க ஓவியத்தின் முன்னோடி என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

முதல் பரிசு பெற்ற பெம்பா போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய நியூ பிரைட்டன் குடியிருப்பில் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தூரிகையை அவர் கீழே வைக்கவே இல்லை. ஆனாலும் கேப் டவுனின் தேசியக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தபோது ஆண்டு 1996. அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

நடுவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பெம்பாவின் நீர்வண்ண முகங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். பரிசு என்பது ஒரு கலைஞரின் வாழ்க்கைக்குள் போய் உண்மையில் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் தேடும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் வந்திருக்கின்றன. முதலில் சொல்லவேண்டிய ஆய்வு ஓவியத்தைப் பற்றியதே அல்ல.

பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் பெயரில் நடக்கும் பியானோ போட்டி உலகப் புகழ்பெற்றது. இறுதிச் சுற்றுக்கு வரும் பன்னிரண்டு பேரும் ஆறு மாலைகளில், நாளுக்கு இருவராக வாசிப்பார்கள். யார் எந்த நாளில் வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவுசெய்யும். ஆகவே வாசிக்கும் நாளுக்கும் திறமைக்கும் தொடர்பு இருக்க வழியில்லை. ஆனால் கின்ஸ்பர்க், வான் ஊர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் பல ஆண்டு முடிவுகளை அலசிப் பார்த்தபோது, முதல் நாளில் வாசித்தவர்கள் சராசரியாகப் பின்தங்கியிருப்பது தெரிந்தது. போட்டிக்கென்றே புதிதாக எழுதப்பட்ட ஓர் இசைப்படைப்பை எல்லோரும் வாசிக்க வேண்டும். முதல் நாளில் அது நடுவர்களின் காதுக்கே புதிது. நாள் போகப் போகக் காது பழகுகிறது, மதிப்பெண்ணும் ஏறுகிறது. 2003-ல் வெளியான அந்த ஆய்வின் இரண்டாம் பகுதிதான் என்னை உலுக்கியது. குலுக்கல் தந்த அதிர்ஷ்டத்தால் மேலே வந்தவர்களுக்கும் பிற்காலத்தில் இசைத்தட்டுகளும் புகழும் கூடுதலாகவே கிடைத்திருந்தன. திறமையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பரிசுக்கென்று தனியாக ஒரு விசை இருக்கிறது.

அந்த விசை எங்கிருந்து வருகிறது? 2018-ல் ஆல்பர்ட்-லாஸ்லோ பாராபாசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு வரைபடம் தந்தார்கள். ஏறத்தாழ 5,00,000 கலைஞர்களின் கண்காட்சி வரலாற்றைக் கணினியில் ஏற்றினார்கள். ஒரு கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தவர் பிறகு இன்னொன்றிலும் வைத்தால், அந்த இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தபோது நடுவில் ஓர் அடர்ந்த மையம் திரண்டது. அந்த மையத்தில் இருந்தவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த அருங்காட்சியகங்களும் கேலரிகளும். ஒருவருடைய முதல் ஐந்து கண்காட்சிகள் எங்கே நடந்தன என்பது அவருடைய மீதி வாழ்க்கையைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிட்டது. மையத்துக்கு அருகில் தொடங்கியவர்களில் 39 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் காட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பில் தொடங்கியவர்களில் அது வெறும் 14 சதவீதம்.

ஆப்பிரிக்காவின் லுசாகாவிலோ கம்பாலாவிலோ இருபத்தைந்து வயதில் தூரிகை பிடித்திருக்கும் ஒருவருக்கு இந்த எண்களின் பொருள் கடுமையானது. மையம் அவருக்கு ஒரு கண்டம் தள்ளி இருக்கிறது. இடையில் விசா, விமானக் கட்டணம், படைப்பை அனுப்பும் செலவு, சுங்கம். அந்தத் தூரத்தைக் கடக்க உதவும் போட்டிதான் பயனுள்ள போட்டி. காசோலை மட்டும் கொடுப்பது அந்த ஆண்டின் வாடகைக்கு ஆகும், அவ்வளவுதான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட போட்டியாக எனக்குத் தோன்றுவது தென்னாப்பிரிக்காவின் 'லாத்தலியே'. 1986-ல் ஃபோல்க்ஸ்காஸ் வங்கியின் பெயரில் தொடங்கி, அந்த வங்கி ஆப்சா குழுமத்தில் இணைந்த பிறகு ஆப்சா லாத்தலியே ஆனது. பிற்பாடு மற்ற ஆப்பிரிக்க நாடுகளின் கலைஞர்களுக்கும் கதவைத் திறந்தது. அதன் தலையாய பரிசு நெடுங்காலமாக ஓர் அறைச் சாவியாக இருந்தது: பாரிஸில் சேன் நதிக்கரையில், முந்நூறுக்கும் மேற்பட்ட பணிக்கூடங்கள் கொண்ட சித்தே அந்தர்நசியொனால் தேஸார் வளாகத்தில் சில மாதங்கள் தங்கிப் படைக்கும் உரிமை. பல நாட்டுக் கலைஞர்கள் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வேலைசெய்யும் இடம் அது. முதல் ஆண்டு வென்றவர் பென்னி சியோபிஸ். 1988-ல் இளவயதிலேயே வென்றவர் டயான் விக்டர். இருவரும் இன்று அந்நாட்டுக் கலையின் பெரிய பெயர்கள். அதே போட்டியில் ஜெரார்ட் செகோட்டோ பெயரிலும் ஒரு பரிசு வழங்கப்பட்டது. அதை வென்றவரும் போனது பாரிஸுக்குத்தான்.

டயான் விக்டர் தம் பிற்காலப் படைப்புகள் சிலவற்றை மெழுகுவத்திப் புகையால் வரைந்திருக்கிறார். தாளுக்கு அடியில் சுடரைக் காட்டும்போது, முழுதாக எரியாத கரித்துகள்கள் மேலெழுந்து தாளில் படிகின்றன. ஒரு மயிரிழையின் அகலத்தில் ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம்; அத்தனை நுண்மை. அந்தப் படிவிலிருந்து மனித முகங்கள் எழுகின்றன; விரல் பட்டால் அழிந்துவிடும். அந்த மென்மை ஒரு புகைப்படத்தில் தெரியுமா? பல போட்டிகளில் முதல் சுற்றுத் தேர்வு புகைப்படங்களை வைத்தே நடக்கிறது. இதனால் பயணச் செலவு மிச்சமாகிறது, தொலைவில் இருப்பவரும் பங்கேற்க முடிகிறது. ஆனால் சுவரை மறைக்கும் துணியும் உள்ளங்கை அகல மரச்செதுக்கலும் திரையில் ஒரே அளவாகிவிடுகின்றன. நல்ல கேமரா வைத்திருப்பவர் ஒரு படி முன்னால் நிற்கிறார். நடுவர் குழு படைப்பின் முன்னால் நேரில் நிற்கும் சுற்று ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயது வரம்பும் என்னை உறுத்துகிறது. லாத்தலியே 35 வயதோடு கோடு போட்டது. கானாவில் 1944-ல் பிறந்து நைஜீரியாவின் என்சுக்காவில் வாழ்ந்த எல் அனட்சுயி, மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைச் செப்புக் கம்பியால் கோத்து மாபெரும் திரைகளாக்கத் தொடங்கியபோது ஐம்பதைக் கடந்திருந்தார். அதற்கு முன்பே அவர் அறியப்பட்டவர்தான். உலகம் அவரை வியந்து பார்க்கவைத்தது அந்த மூடிகள். 2015-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை வழங்கியது. வளரும் கலைஞர் என்பதை வயதால் அளக்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைப்பவர்கள் நூலிழையில் தோற்றவர்கள். நெதர்லாந்தில் இளம் விஞ்ஞானிகளுக்கான ஆய்வு நிதியைப் பற்றி 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. தகுதிக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களும் சற்றுக் கீழே இருந்தவர்களும் மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட சமம். ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் மேலே இருந்தவர்கள் மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நிதி திரட்டினார்கள். அதற்கு ஒரு காரணம், கீழே விழுந்தவர்களில் பலர் அதன்பின் அவ்வளவாக விண்ணப்பிக்கவே இல்லை. அங்கே அறிவியலில் நடப்பது கலையில் நடக்காது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1990 முதல் சாசோல் நிறுவனம் ஆதரித்துவரும் 'நியூ சிக்னேச்சர்ஸ்' போட்டியின் அமைப்பு இங்கேதான் எனக்குப் பிடிக்கிறது. 18 வயது நிறைந்து, இதுவரை தனிக் கண்காட்சி நடத்தாதவராக இருந்தால் போதும். வென்றவருக்குப் பணத்தோடு, பிரிட்டோரியா கலை அருங்காட்சியகத்தில் அடுத்த ஆண்டு ஒரு தனிக் கண்காட்சியும் கிடைக்கும். தேர்வான மற்றவர்களின் படைப்புகளும் அதே அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறுகின்றன, தொகுப்பு நூலில் அவர்கள் பெயர் அச்சாகிறது. பரிசு கிடைக்காதவர், தனிக் கண்காட்சி நடத்தாதவரை, நாற்பது வயதானாலும் மறுபடி படைப்பை அனுப்பலாம்.