மருந்தின் மறுபக்கம் – 14: அம்மா வீட்டிலேயே இருந்தாள்

போன வாரம் கர்ப்பிணிகளுக்கு ஐசோனியசிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நிறுத்தினேன். எட்டு நாடுகள், எச்.ஐ.வி. தொற்றுள்ள 956 பெண்கள். காசநோய்த் தடுப்பு மாத்திரையைக் கர்ப்பத்திலேயே தொடங்குவதா, பிரசவம் முடிந்த பிறகா என்பது கேள்வி. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும்.

விடையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஐசோனியசிட்டின் பூர்வீகத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம் என்று பழைய தாள்களைப் புரட்டப்போய், 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த சென்னை ஆய்வறிக்கையில் விழுந்துவிட்டேன். தொண்ணூறு பக்கத்துக்கு மேல். எழுந்து வர மனமில்லை. ஆசிரியரோ காலையில் கட்டுரை மேஜைக்கு வந்தாக வேண்டும் என்கிறார். ஆகவே கர்ப்பிணிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு முன்னால் ஆசாரிப்பள்ளம். கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி அங்கே 2001-ல் வந்தது. நாகர்கோவில் பெரியவர்களுக்கு இன்னமும் அது 'டி.பி. ஆஸ்பத்திரி'தான். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் உருவானது திருவிதாங்கூர் காலத்தில். அதற்குக் காரணமானவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனவர். அந்தச் சமஸ்தானத்தின் முதல் சிசேரியன் நடந்ததும் அவர் கையால்தான் என்கிறார்கள். ஆசிரியர் விட்டால் அந்த அம்மாளைப் பற்றி மட்டுமே நாலு வாரம் எழுதுவேன்.

சானடோரியம் என்றால் நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால், இறைச்சி. எல்லாவற்றுக்கும் மேலே, குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தல். இந்தக் கடைசிச் சிகிச்சை ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி. அவன் சானடோரியம் போனால் மனைவி வீட்டைத் தாங்குவாள், வாரம் ஒரு தூக்குச் சட்டியோடு பார்க்கவும் வருவாள். அவள் போனால் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகும்; கொஞ்ச நாளில் புருஷன் வீட்டார் வேறு பேச்சு பேசத் தொடங்குவார்கள். அதனாலேயே பெண்கள் இருமலை மறைத்தார்கள். பூதப்பாண்டிப் பக்கம் எனக்குப் பெரியம்மை முறையாகும் ஒருத்திக்கு இந்த நோய் வந்தது. பின்கட்டில் தனிப் பாய், தனிக் கும்பா. கும்பாவைக் கழுவிக் கவிழ்க்கும் இடம்கூடத் தனி. அவள் பெற்ற பிள்ளை அந்தப் பக்கம் தவழ்ந்தால், "பிள்ளைய அங்க விடாத, கேட்டியா" என்று ஆச்சியின் குரல் வருமாம். ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்களும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமான மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த அதே 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூட்டு. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் தேவதத்தா, ராமகிருஷ்ணன், வேலு, புள்ளியியலாளர் ராதாகிருஷ்ணா போன்றவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி, கேட்பதற்கே துணிச்சல் வேண்டிய கேள்வி: கையில்தான் மாத்திரை வந்துவிட்டதே, இனி சானடோரியம் எதற்கு?

193 நோயாளிகள். எல்லாரும் சென்னை நகரத்து ஏழைகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே ஒரு வருடம்: ஐசோனியசிட்டும், வயிற்றைப் புரட்டுகிற பி.ஏ.எஸ்.-உம். வீட்டு நோயாளி வாரம் ஒரு முறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். வாங்கியதை விழுங்கினாரா? அதைத் தெரிந்துகொள்ளச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே ஆள் போகும். மிச்சம் இருப்பதை எண்ணும். அங்கேயே சிறுநீரும் வாங்கும். மருந்து உள்ளே போயிருந்தால் சோதனையில் தெரிந்துவிடும். குடிசை வாசலில் ஒரு பெண் கையில் புட்டியோடு கூச்சப்பட்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நவீன மருத்துவத்தின் முக்கியமான ஆதாரங்களில் ஒன்று அந்தப் புட்டியில் இருந்தது.

வருட முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வும் குறைவு, எடை ஏறியதும் குறைவு. ஆனால் நுரையீரல் ஆறுவதில் பெரிய வித்தியாசமில்லை. முட்டையும் பாலும் மெத்தையும் செய்ததாக நம்பப்பட்ட வேலையை மாத்திரையே செய்திருந்தது.

இதுவரை மருத்துவ மாணவர்களுக்குத் தெரிந்த கதை. என்னைத் தூங்கவிடாதது இதற்கு அடுத்தது.

நோயாளி குணமாவது சரி, அவரோடு ஒரே அறையில் படுத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? உண்மையில் வீட்டுச் சிகிச்சையை எதிர்த்தவர்களின் வலுவான வாதம் இதுதான். தாயைக் குணப்படுத்துகிறேன் என்று பிள்ளையைப் பலி கொடுப்பீர்களா? நியாயமான பயம். அதை யாரும் கையை வீசி ஒதுக்கவில்லை. இரண்டு தரப்புக் குடும்பங்களையும் தொடக்கத்திலேயே டியூபர்குலின் ஊசி போட்டும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார்கள். பிறகு விடாமல் பின்தொடர்ந்தார்கள். முதல் அறிக்கை 1960-ல். ஐந்து வருடக் கணக்கு 1966-ல். வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை.

காரணம் எளிது, எளிது என்பதால்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே நோயாளி மாதக்கணக்கில் இருமியிருப்பார். தொற்ற வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியபின் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். அப்புறம் தாயைப் பிரித்துக்கொண்டுபோய் வைப்பது, குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டுகிற கதை. பெரியம்மையின் தனிக் கும்பா யாரையும் காப்பாற்றவில்லை. மறைக்காமல் முதல் மாதமே இருமலைச் சொல்ல விட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் விலை கொடுத்திருக்கப்போவது அந்தக் குழந்தைகள்தான், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலான தாய்மார் எப்படியும் வீட்டில்தான் கிடந்தார்கள், மருந்தில்லாமல். அந்த நிலையில் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்ததுதான் பெரிய பாவமாகியிருக்கும் என்பது என் கட்சி.

சோறு விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. மாத்திரை இருந்தால் சோறு எதற்கு என்று சென்னை ஆய்வைத் தப்பாகப் படித்தவர்கள் நிறைய. 2023-ல் லான்செட்டில் ஜார்க்கண்ட் ஆய்வு வந்தது. நான்கு மாவட்டங்கள், நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர். ஒரு பகுதியினருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. வந்த நோயை ஆற்ற மாத்திரை. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வராமலிருக்கப் பருப்பு. இரண்டு ஆய்வும் சண்டையே போடவில்லை, கேட்ட கேள்விதான் வேறு.

பிள்ளைகள் என்றதும் பி.சி.ஜி. ஞாபகம் வருகிறது. 1955-ல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துப் புத்தகமே போட்டார். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1979-ல் அறிக்கை வந்தபோது ராஜாஜி இல்லை. அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதற்காக இன்றும் அதைப் போடுகிறார்கள். இது தனி அத்தியாயம். இழுத்துக்கொண்டு போகிறது, விடுகிறேன்.

பாக்கி வைத்த விடையை எண்ணளவிலாவது கொடுத்துவிடுகிறேன். கர்ப்பத்திலேயே மாத்திரை தொடங்கிய பெண்களில் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, கருவிழப்பு போன்ற பாதிப்பு 23.6 சதவீதம், பிரசவத்துக்குப் பின் தொடங்கியவர்களில் 17 சதவீதம். வருடக்கணக்காக 'கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானது' என்று கொடுத்துவந்த மாத்திரை இது. ஏன் இப்படி, இதை வைத்து என்ன செய்வது என்பது அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.

அதுவரை, பால்கொடுக்கும் தாய்க்குக் காசநோய் என்று தெரியவந்த வீட்டாருக்கு: பிள்ளையைப் பிரிக்காதீர்கள், பாலை நிறுத்தாதீர்கள். தாய் மருந்தை விடாமல் சாப்பிடட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்த் தடுப்பு மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் அவர் சொல்கிறபடி. அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கிடையாது.

(தொடரும்)