கோவளத்தில் அலையேறப் போகிறவர்களுக்கு

கோவளம் என்றால் ஒரு காலத்தில் தர்காவும் கார்மேல் மாதா கோயிலும்தான் நினைவுக்கு வரும். இன்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் சர்ஃபிங் என்பார்கள். நான் சொல்வது கேரளத்துக் கோவளம் அல்ல. சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தில் இருக்கும் மீனவர் ஊர். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் ஊர்ப் பையன்களுக்குப் பலகை ஏறக் கற்றுக்கொடுத்ததில் இங்கே சர்ஃபிங் தொடங்கியது. 2013-இல் அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது, 2021-இல் தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. பக்கத்து மாமல்லபுரத்தில் 2023-இல் உலக சர்ஃப் லீக் போட்டி, 2025-இல் ஆசிய சாம்பியன்ஷிப். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வலையோடு இன்னொரு பிழைப்பும் கற்றுக்கொண்டார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் விடுமுறை நாள் காலையில் பணம் கட்டிவிட்டுக் கடலில் இறங்குகிறவர்களில் நீச்சலே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டும் இடத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். "என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன், எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்பது அதன் சாரம். கடலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கடலையும் சரியாகப் பார்ப்பதில்லை, தாளையும் படிப்பதில்லை. இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் கடல்.

அலை பார்க்கத்தான் பயமாக இருக்கும். உருட்டிப் போடும், உப்புத் தண்ணீர் குடிக்க வைக்கும், கடைசியில் கரைப்பக்கமே தள்ளிவிடும். ஆளை உள்ளே இழுத்துப் போவது, அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் வழி. மணல் திட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அங்கே அந்தத் தண்ணீர் திரண்டு கடலுக்குள் ஓடும். கல் கொட்டிய தடுப்புச் சுவர் ஓரத்திலும், முட்டுக்காடு மாதிரி முகத்துவாரம் இருக்கும் இடத்திலும் இந்த இழுப்பு அதிகம். பலமான நாளில் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஓடிய அளவீடுகள் உண்டு. அதை எதிர்த்துப் போட்டிக்கு நீந்துகிறவராலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை நுரை தள்ளிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருத்து, சின்னச் சின்னச் சுருக்கங்களோடு கிடக்கும். கலங்கிய மணலும் குப்பையும் அதன் வழியே வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். "இங்கே அலையே இல்லை, குழந்தையை இறக்கு" என்று குடும்பங்கள் தேடிப் போய் நிற்பது அந்தப் பட்டையில்தான். தேர்ந்த சர்ஃபர்கள் வேண்டுமென்றே அதில் இறங்கி, லிஃப்டில் ஏறுவது மாதிரி, அலுங்காமல் உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் போகிறார்களே என்று நாம் பின்னால் போகக்கூடாது.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் களைத்துத்தான் சாகிறார்கள். அந்த நீர் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, நம் கடற்கரையில் என்றால் வடக்காகவோ தெற்காகவோ, நுரை தெரியும் இடம் வரை நீந்தி, அங்கிருந்து அலையோடு சாய்வாகக் கரை சேருங்கள். கையில் பலகை இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் அதை விடாதீர்கள்.

இன்னொன்று கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தென்னிந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று கிளப்பிய நீண்ட அலை சில நாள் பயணம் செய்து, வெயில் அடிக்கும் நம் கரையில் திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. படித்தவர்கள், இளைஞர்கள், அதுவும் உயிர் காக்கும் தொழிலுக்கு வந்தவர்கள். எச்சரிக்கை இருந்தும் உயிர் போயிற்று. இன்காய்ஸின் 'சமுத்ரா' செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் கிளம்பும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். தேதி குறித்தாயிற்று, லீவு போட்டாயிற்று என்பதற்காகக் கடல் தணிந்து தராது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்லித்தரப் போகிறவர் யார், அவரிடம் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றிதழும் உயிர்காக்கும் பயிற்சிச் சான்றிதழும் இருக்கிறதா? ஒருவருக்கு எத்தனை பேர்? இன்று எச்சரிக்கை ஏதும் உண்டா? சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா? சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொள்ளத் தமிழ்நாடு சுற்றுலாத் துறை விதிமுறை வகுத்திருக்கிறது. நல்ல பள்ளி என்றால் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. முதல் நாளே பலகையைக் கொடுத்து ஆழத்துக்கு அழைத்துப் போனால் அது நல்ல பள்ளி அல்ல. முதலில் மணலில் படுக்க வைத்து, எழுந்து நிற்கும் பயிற்சி. பிறகு இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் நுரை அலையில், மேலே மெத்தென்ற நுரைப்பலகை. முறை இதுதான். கணுக்காலில் கட்டும் கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள். வெல்க்ரோ பட்டை பிடிக்காமல் நழுவினால், முடிச்சு நைந்திருந்தால், வேறு பலகை கேளுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல், தட்டையாக விழுந்து, மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். புதியவர்களுக்கு அடிபடுவது பாறையில் அல்ல, பெரும்பாலும் தங்கள் பலகையில்தான்.

மழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாள் இறங்காமல் இருப்பது நல்லது, ஊர்ச் சாக்கடையெல்லாம் கடலுக்குத்தான் வந்திருக்கும். சொறிமீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நீரில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டியது ஒன்று, நம் ஊரில் நடப்பது வேறு. குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவார்கள், தோளில் தலைகீழாகத் தொங்கப்போட்டு ஓடுவார்கள். வயிற்றிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்து, பிழைத்துவிட்டான் என்று ஆறுதல் வேறு. வயிற்றுத் தண்ணீர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அமுக்கினால் அது மூச்சுக்குழலுக்குள் ஏறும், நேரமும் வீணாகும். அவருக்கு வேண்டியது மூச்சு. மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைச் சற்று பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நுரையீரலில் சேர்ந்த நீர் சில மணி நேரம் கழித்துத் தன் வேலையைக் காட்டலாம். "போலீஸ் கேஸ், அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எந்தத் தனியார் மருத்துவமனையும் திருப்பி அனுப்பக்கூடாது. உயிர் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை பிறகுதான் என்று பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

இனி அந்தத் தாள்.

அலை புரட்டி முழங்கை சிராய்ந்தது, கால் சுளுக்கியது என்றால் அது விளையாட்டோடு கூடவே வரும் ஆபத்து. தெரிந்துதான் இறங்கினீர்கள், நஷ்டஈடு கேட்டு நிற்பது கடினம். ஆனால் எச்சரிக்கை இருந்த நாளில் இறக்கினார்கள், ஒருவரை நம்பி இருபது பேரை விட்டார்கள், நைந்த கயிற்றோடு பலகை கொடுத்தார்கள் என்றால் அது அவர்களுடைய அலட்சியம். அந்த அலட்சியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்கிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை போட்ட கையெழுத்துக்கோ சட்டத்தில் மதிப்பே கிடையாது. எனவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு தீர்ப்புகள். முதலாவது அந்த இன்னொரு கோவளத்தில் நடந்தது. கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டலில் தங்கிய ஒருவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்துபோனார். உயிர்காப்பாளரை பார் வேலையும் சேர்த்துப் பார்க்க வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. குடும்பத்துக்கு 62.5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டாவது, பியாஸ் ஆற்றங்கரைக்குப் பள்ளிச் சுற்றுலா போன 14 பிள்ளைகள் மூழ்கிய வழக்கு. பெற்றோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்பதை 2001-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது, ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியையே பொறுப்பாக்கியது. கல்லூரி, கம்பெனி என்று கூட்டமாகக் கடற்கரைக்கு அழைத்து வருகிறவர்கள் இந்த இரண்டாவது தீர்ப்பை ஒரு தடவை படிப்பது நல்லது.

வழக்கு என்று போனால் நிற்பது ஆதாரம். கட்டிய பணத்துக்கு ரசீது, இல்லாவிட்டால் ஜிபே பதிவு. கையெழுத்துப் போட்ட தாளின் போட்டோ. வகுப்புக்கு முன் வந்த வாட்ஸாப் செய்திகள். கூட இருந்தவர்களின் பெயர். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பியும் டிஸ்சார்ஜ் தாளும் வாங்கி வையுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. உயிரிழப்பு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தே ஆகவேண்டும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் வருகிறது. துக்க வீட்டில் போஸ்ட்மார்ட்டம் எதற்கு என்று சிலர் தடுப்பார்கள். காப்பீட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு, நீரில் மூழ்குவதும் அதில் விபத்துதான். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறார்களா என்று பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள், பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வக்கீல் கட்டாயமில்லை. செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, சர்ஃபிங் வகுப்புக்கு யாரும் அவ்வளவு கட்டப்போவதில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இத்தனை உரிமை பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அந்தக் கடல் நமக்கு விளையாட்டுத் திடல், ஊருக்கு வேலைத்தலம். விடிகாலையில் போன ஃபைபர் படகுகள் காலை நேரத்தில் அலையைப் பிளந்துகொண்டு வேகமாகக் கரையேறும். ஓட்டுகிறவர் மூக்கு தூக்கிய படகின் பின்னால் நிற்கிறார், தண்ணீரில் கிடக்கும் உங்கள் தலை அவருக்குத் தெரியாது. படகு ஏறும் பாதையிலும் வலை போட்ட இடத்திலும் இறங்காதீர்கள். "இன்னைக்கு வெள்ளம் சரியில்ல, எறங்காதீங்க" என்று அங்கே ஒருவர் சொன்னால் அவர் நீரோட்டத்தைச் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அதே கரையில் விடுதிக்காரர் யாராவது வேலி போட்டு மீனவர் படகு நிறுத்தவும் நீங்கள் நடந்துபோகவும் தடுத்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டலக் குழுவிடம் புகார் செய்யலாம். சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். அங்கே கெடு ஆறு மாதம்தான்.

போவதற்கு முன் இந்த எண்களைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் 108, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, நுகர்வோர் உதவி 1915. போனைக் கரையில் ஒருவரிடம் கொடுத்து, அவரைத் தண்ணீரில் இறங்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கச் சொல்லுங்கள்.